எட்டி என்று பெயர், எட்டாத விலை

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில் இருக்கும் இரண்டு அணி நண்பர்களுக்கும், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த புத்திசாலிகளுக்கும், இடம் கிடைக்காமல் வியர்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம்.

"கூடாரப் பயணத்துக்கு விலை உயர்ந்த கூலர் தேவையா, வீண் செலவா?" இந்தத் தலைப்பைத் துண்டறிக்கையில் பார்த்துவிட்டு எங்கள் தெரு அக்கா ஒருவர், "கூடாரத்துக்குள்ள கரண்ட் ஏதுடி, கூலர் எப்படி ஓடும்?" என்று கேட்டார். அவர் நினைத்தது காற்று வரும் கூலர். நாம் பேசுவது ஐஸைப் போட்டு, அதற்குள் தண்ணீர் பாட்டிலையும் கறியையும் வைத்து மூடும் பெட்டி. குழப்பம் வேண்டாம், நான் ஐஸ் பெட்டி என்றே சொல்கிறேன். எனக்கு அதுதான் வாயில் வரும். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மீன்கடை வைத்திருந்தவரின் மகள் நான். காலையில் பார் ஐஸை உடைத்து, கட்லா மீனுக்கும் ஜிலேபி மீனுக்கும் நடுவே அள்ளிப் போட்டுவிட்டு, மரத்துப்போன கையோடு பள்ளிக்கூடம் போய்ப் பேனா பிடித்தவள்.

பேச்சுக்குள் போகும் முன் ஒரு அறிவிப்பு. மேசைக்கு அடியில் சாக்கு சுற்றிய பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று இருக்கிறது. யாரும் மறந்து வைத்துவிட்டுப் போனது இல்லை, என்னுடையதுதான். இன்று காலை 6 மணிக்கு 5 கிலோ ஐஸை எடை போட்டு உள்ளே வைத்தேன். இப்போது இரவு 7 மணி. கடைசியில் திறப்போம். பக்கத்தில் இருப்பது அப்பாவின் கடைத் தராசு.

நான் வீண் செலவு என்ற அணி. தேவை என்று வாதாடும் எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். ஓசூரில் வேலை, 27 வயது என்று அறிமுகத்தில் சொன்னார்கள். அவர் சொன்னது மூன்று. ஐஸ் ஐந்து நாள் கரையாது. கரடியாலும் உடைக்க முடியாது என்று சான்றிதழே உண்டு. விலை குறைந்த பெட்டியை நம்பிப் போய்க் கறி கெட்டுவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த ஊர் இது, அருமையானதை வாங்க யோசிக்கலாமா என்று கைதட்டலும் வாங்கிக்கொண்டார். தருமபுரி மேடையில் அதியமானைக் கூப்பிடாமல் இறங்கினால் மைக் கட்டியவரே கோபித்துக்கொள்வார், சரி. அந்த நெல்லிக்கனியைப் பத்திரமாக வைத்திருங்கள் தம்பி. கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தேவைப்படும்.

முதலில் ஐந்து நாள். ஒரு கிலோ ஐஸ் முழுக்கக் கரைய 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை ஒரு கிலோ பச்சைத் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரி ஏறி, தொட்டால் கை வெந்துவிடும். அவ்வளவையும் தனக்குள் வாங்கிக்கொண்டுதான் ஐஸ் தண்ணீராகிறது. வெளிச்சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே பெட்டியின் வேலை. தெர்மாகோல் பெட்டியின் சுவர் ஒரு அங்குலம் இருக்கும். விலை உயர்ந்த பெட்டியில் இரண்டு அங்குலத்துக்குப் பாலியூரித்தேன் நுரையை அடைத்திருப்பார்கள். அது தெர்மாகோலைவிட நன்றாகவே சூட்டைத் தடுக்கும். மூடியில் காற்று புகாத ரப்பர் பட்டையும் உண்டு. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஐஸ் இரண்டரை, மூன்று மடங்கு நேரம் நிற்கும். இதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் எங்கள் அப்பாவே கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் அந்த ஐந்து நாள் எப்படி வருகிறது? பெட்டி நிறைய ஐஸ் அடைத்து, திறக்காமல், நிழலில் வைத்தால் வருகிறது. இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு சாமான் வையுங்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். 36 லிட்டர் பெட்டி என்றால் நம் சாமானுக்கு மிஞ்சுவது 12 லிட்டர் இடம். இரண்டு லிட்டர் பாட்டில் ஐந்து வைத்தால் கறிக்கு இடமில்லை. அப்புறம், நாம் எங்கே ஐந்து நாள் போகிறோம்? சனிக்கிழமை மதியம் கிளம்பி, தெரிந்தவர் மாந்தோப்பிலோ ஏரிக்கரையிலோ ராத்திரி கூடாரம் போட்டு, ஞாயிறு சாயந்திரம் வீட்டில் துணி துவைக்கிறோம். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். வழியில் பென்னாகரத்தில் ஐஸ் கிடைக்காதா?

இந்தப் பெட்டி பிறந்த கதையைப் பாருங்கள். எட்டி என்ற நிறுவனம் 2006-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. தொடங்கியவர்கள் மீன்பிடிப்பதில் பைத்தியமான இரண்டு சகோதரர்கள். படகில் ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஏறி நின்று தூண்டில் போடுவார்கள். சாதாரணப் பெட்டிகளின் மூடி உள்வாங்கிவிடும். அதனால் ஏறி நின்றாலும் அசையாத பெட்டி செய்தார்கள். அவர்கள் தேவை, அவர்கள் பெட்டி, வாழ்க. நீங்கள் ஒகேனக்கல் பரிசலில் ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று பாருங்கள். பரிசல்காரர் துடுப்பாலேயே போடுவார்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவிலேயே ஓரளவு பெரிய பெட்டி சுமார் 300 டாலர். நம் பணத்தில் குறைந்தது 25,000 ரூபாய் என்று வையுங்கள், கப்பல் கூலி தனி. நம்மூரில் எட்டி என்றால் காய் கசக்கும் மரம். எட்டி பழுத்தால் என்ன, ஈயாதவர் வாழ்ந்தால் என்ன என்று பழமொழியே இருக்கிறது. இந்த எட்டி விலையிலும் எட்டாது. வெறும் பெட்டியே 10 கிலோவுக்கு மேல் கனம். ஐஸும் தண்ணீரும் நிரப்பினால் வத்தல்மலைச் சரிவில் ஒரு ஆள் தூக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்கும் சோறு போட வேண்டும்.

இப்போது கணக்கு. நான் 2,000 ரூபாய்க்குச் சாதாரணப் பெட்டி வாங்குகிறேன். மிச்சம் 23,000. என் பெட்டியில் ஐஸ் சீக்கிரம் கரையும், ஒப்புக்கொள்கிறேன். அதை ஈடுகட்ட ஒவ்வொரு பயணத்துக்கும் 10 கிலோ ஐஸ் கூடுதலாக வாங்குகிறேன். கிலோ 10 ரூபாய் என்றே வையுங்கள், பார் ஐஸ் அதைவிட மலிவு. பயணத்துக்கு 100 ரூபாய். 23,000 தீர 230 பயணம். வருடத்துக்கு மூன்று பயணம் போனால் 76 வருடம். தம்பிக்கு இப்போது 27. பெட்டிக்குக் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பி வரும்போது வயது 103! ஐயா, அந்த நெல்லிக்கனியை ஔவையிடமிருந்து வாங்கித் தம்பியிடம் கொடுங்கள்.

என் பெட்டி உடையாதா என்று கேட்பார்கள். உடையும். நடுவில் மூன்று பெட்டி புதிதாக வாங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தம்பி 80-ஐத் தாண்டித்தான் லாபம் பார்க்கிறார். அந்த வயதில் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

கரடி. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்தச் சான்றிதழ் உண்மைதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கும் கிரிஸ்லி கரடிகளிடம் பெட்டியைக் கொடுத்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் சான்றிதழ். தம்பி சொல்லாமல் விட்டது, பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தால்தான் அது செல்லும். பூட்டை மறந்தால் கரடி திறந்து சாப்பிடும், தப்பு உங்களுடையது. அதை விடுங்கள். நம் அஞ்செட்டி காட்டில் வருவது யானை. யானை மிதித்தால் எந்தப் பெட்டி நிற்கும், எந்த ஊர்க்காரர் சான்றிதழ் தருவார்? வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் இரவு தங்கவே கூடாது. அனுமதி இல்லாத இடத்துக்கு 25,000 ரூபாய் பெட்டியோடு போனால், பெட்டியை விற்றுத்தான் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கெட்டுப்போன கறி. இங்கே நான் சிரிக்க மாட்டேன். கறியும் மீனும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கிருமி பெருகும், நம்மூர் வெயிலில் வேகமாகப் பெருகும். வாந்தி பேதி என்று வந்தால் கூடாரம் ஒரு ஆளுக்குப் போதாது. ஆனால் தம்பி தன் வாயாலேயே என்ன சொன்னார்? "ஏப்ரல் மாசம், கார் டிக்கியில பெட்டிய வச்சுட்டு மலை ஏறப் போனோம். நடுநடுவே பசங்க தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டாங்க." அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு ஏன் சுட்டது என்று கேட்டால் என்ன சொல்வது! டிக்கி என்பது வெயிலில் ஒரு அடுப்பு. அதில் எந்தப் பெட்டியும் திணறும். பாட்டிலுக்கும் கறிக்கும் ஒரே பெட்டி வைத்ததால், தாகம் எடுத்தபோதெல்லாம் கறிக்கும் காற்று காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் கடையில் பெட்டியெல்லாம் மீன் வந்த தெர்மாகோல்தான். வித்தை பெட்டியில் இல்லை, வைக்கிற விதத்தில் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். ரொம்ப நேரம் நிற்க வேண்டுமென்றால் ஐஸை உடைக்காதே, பெரிய கட்டியாக வை, மெதுவாகக் கரையும். உடைத்த ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும், சீக்கிரம் காலியாகும். முந்தின ராத்திரியே கொஞ்சம் ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிர வை, சூடான பெட்டி முதல் ஐஸைத் தானே தின்றுவிடும். மேலே ஈரச் சாக்கு போடு, நம்மூர் வறண்ட காற்றுக்கு மண்பானை குளிர்கிற மாதிரி சாக்கும் குளிரும். கரைந்த தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஆள் பார்த்து நடக்க வேண்டும். மீன் என்றால் வடிய விடு, இல்லாவிட்டால் ஊறிப்போகும். பாட்டில் என்றால் வடிக்காதே, அந்தத் தண்ணீரும் ஐஸ் அளவுக்குக் குளிர்ந்ததுதான், இண்டு இடுக்கிலெல்லாம் புகுந்து பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய கட்டி என்று சொன்னேனே, அதற்கு ஒரு சாட்சி. 1833-இல் டியூடர் என்ற வியாபாரி அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் 180 டன் ஐஸ் அனுப்பினார். ஏரியில் வெட்டிய ஐஸ். நான்கு மாதக் கடல் பயணம். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது! பாலியூரித்தேன் கிடையாது, ரப்பர் பட்டை கிடையாது. அவர் தொழில் நடந்ததெல்லாம் மரத்தூளையும் வைக்கோலையும் நம்பித்தான். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-இல் அந்த ஐஸைச் சேர்த்து வைக்கக் கட்டிய கிடங்கு. இன்றைக்கும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

இன்னொன்று, ஒகேனக்கல்லுக்குக் கறியைச் சுமந்துகொண்டு எதற்குப் போக வேண்டும்? அங்கேயே மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கே இருக்கும் அக்காமார்கள் குழம்பு வைத்து, வறுத்தும் தருவார்கள். அங்கே மீன் கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. மற்ற இடத்துக்குப் புளிசாதம் கட்டுங்கள், அதற்கு ஐஸே வேண்டாம்.

சரி, யாருக்குமே தேவையில்லையா? மாதா மாதம் நாலைந்து நாள், கடையே இல்லாத இடத்துக்குப் போகிறவர் வாங்கட்டும். அப்படிப் போகிறவர்கள் இந்த மண்டபத்தில் கை தூக்குங்கள் பார்ப்போம். இரண்டு கை. அதில் ஒன்று தம்பியுடையது, இன்னொன்று தம்பியின் நண்பருடையது.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, அரை நிமிடம். பெட்டியை இங்கே கொண்டு வாருங்கள். சாக்கை எடுங்கள். தண்ணீரை வாளியில் வடித்துவிட்டுக் கட்டியை மட்டும் தராசில் வையுங்கள். நடுவர் ஐயா, நீங்களே படியுங்கள், நான் படித்தால் மீன்காரி தராசு என்பார்கள். 2 கிலோ 350. தம்பியின் பெட்டியில் வைத்திருந்தால் இந்நேரம் 4 கிலோ நின்றிருக்கும், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் 1 கிலோ 650. என் கணக்குப்படி பதினாறரை ரூபாய்.

உள்ளே மூன்று பாட்டில் மோர் இருக்கிறது. இந்தாருங்கள் ஐயா, தீர்ப்பு அப்புறம் சொல்லலாம். தம்பி, உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், வா.