‘ஏ’ கிரேடு பள்ளி, 2 சதவீதப் பிள்ளை, என் 40 டாலர்

வணக்கம் மக்களே! இன்று சமையல் கிடையாது. மாவு இன்னும் பொங்கவில்லை, நான் பொங்கிவிட்டேன். இந்த நார்த் கரோலினா குளிரில் மாவோடு நான் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா, அது கிடக்கட்டும்.

பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் ஹைஸ்கூல். போன சனிக்கிழமை ஒரு ஏர்லி காலேஜ் ஹைஸ்கூலை, அதாவது ஹைஸ்கூலோடு கல்லூரிப் பாடமும் படிக்கிற பள்ளியை, பார்த்துவிட்டு வந்தோம். பெயர் சொல்ல மாட்டேன். வந்த கையோடு அம்மாக்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் பள்ளியின் ரேட்டிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார். இன்னொருவர், “அங்க நம்ம பிள்ளைங்க எத்தனை பர்சென்ட்?” என்றார். மூன்றாமவர், “படிப்பு ஏறாத பசங்க போற இடமாச்சே அது” என்றார். நான்காமவர், “இல்லப்பா, அங்க எல்லாமே அதிமேதாவிங்க” என்றார். ஒரே பள்ளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்!

வேடிக்கை என்னவென்றால் கடைசி இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த மாநிலச் சட்டமே அப்படித்தான். பாதியில் படிப்பை நிறுத்திவிடக்கூடிய பிள்ளைகள், பெற்றோர் கல்லூரிப் பக்கமே போகாத பிள்ளைகள், வேகமாகப் படிக்கக்கூடிய பிள்ளைகள், இந்த மூன்று வகையினருக்காகத்தான் இந்த மாதிரிப் பள்ளிகளை நடத்துகிறார்கள். இரண்டாவதாகச் சொன்னவர்களை நம் ஊர்க் கணக்கில் முதல் பட்டதாரி என்போம். என் சித்தப்பா பையன் அந்தச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் நின்றான் என்று எனக்குத்தான் தெரியும். இங்கே விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி, ஒரு டிக். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் டிகிரி என்பதால் பாப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கும் குழுவில் ஒருவர் ‘அநியாயம்’ என்று எழுதினார். எது அநியாயம்? போய்ப் பிள்ளைக்குச் சோறு போடுங்கள்.

சரி, புதிதாக வந்தவர்களுக்கு. இது அரசுப் பள்ளி. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கும், அல்லது அதை ஒட்டி இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து நான்கு அல்லது ஐந்து வருடத்தில் ஹைஸ்கூல் சான்றிதழோடு இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பையும் முடித்துவிடலாம். நியூயார்க்கில் லாகார்டியா கம்யூனிட்டி காலேஜில் 1974இல் தொடங்கிய பள்ளிதான் இதற்கு முன்னோடி. 2002இல் கேட்ஸ் அறக்கட்டளை பணம் போட்டபின் நாடு முழுக்கப் பரவியது. நார்த் கரோலினா 2003இல் சட்டமே போட்டது, இப்போது இங்கே மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. வகுப்புக்கு 100 பேருக்கு மேல் கூடாது. பல பள்ளிகளில் அதற்கும் குறைவுதான்.

பள்ளி பிடித்திருந்ததா என்றால், ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் வெளியே வந்தால் காரில் ஒரு சீட்டு. பார்க்கிங் அபராதம், 40 டாலர்! சனிக்கிழமை பார்க்கிங் இலவசம் என்றுதான் எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருந்தது. நாங்கள் நிறுத்திய இடத்துக்கு மட்டும் அது பொருந்தாதாம். அந்த அறிவிப்புப் பலகை ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது, நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள், இலைதான் தெரிகிறது. 40 டாலருக்கு சோனா மசூரி இரண்டு மூட்டை வரும். வீட்டுக்காரர், “விடு, கட்டிடலாம்” என்கிறார். நான் அப்பீல் போட்டிருக்கிறேன்.

எங்கே விட்டேன்? ரேட்டிங். அந்தப் பள்ளிக்கு மாநிலம் ‘ஏ’ கொடுத்திருக்கிறது. இங்கே அந்த எழுத்து எப்படி வருகிறது தெரியுமா? நூற்றில் 80 பங்கு: பிள்ளைகள் எடுத்த மதிப்பெண், ஹைஸ்கூல் முடித்தவர்களின் விகிதம் போன்றவை. வந்தபின் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கு வெறும் 20. வரும்போதே கெட்டிக்காரர்களாக வருகிறவர்களை வைத்துக்கொண்டால் பாதி ‘ஏ’ வாசலிலேயே கிடைத்துவிடும். விண்ணப்பம் போட்டுச் சேர்கிற பள்ளியையும், அந்த வட்டாரத்தில் குடியிருக்கிற எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற பெரிய ஹைஸ்கூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அடுத்தது என் நோட்டில் சிவப்புப் பேனாவால் போட்ட கணக்கு. வகுப்பில் 50 பேர் என்றால் ஒரு பிள்ளை 2 சதவீதம். ஒரு பையனுக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தால் பள்ளி 2 சதவீதம் ‘சரிந்துவிட்டது’ என்பார்கள். இரண்டு தமிழ்க் குடும்பம் வீடு மாறி வந்தால் அந்த வகுப்பில் ‘ஆசியர் 4 சதவீதம் உயர்வு’. இதை வைத்தா முடிவெடுப்பது? எண் ரொம்ப உயர்ந்துபோனால் அதுவும் தெரியாது. 95க்கு மேல் என்றால் ‘95க்கு மேல்’ என்று மட்டும்தான் போடுவார்கள், தனிப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடக் கூடாதே.

பிறகு, ‘ஹைஸ்கூல் முடித்தவர்கள் 100 சதவீதம்’ என்று இந்தச் சிறு பள்ளிகள் காட்டும் எண். இங்கே சிக்கல் இருக்கிறது. நடுவில் பிடிக்காமல் வட்டாரப் பள்ளிக்கே திரும்பிய பிள்ளை, சிறு பள்ளியின் கணக்கிலிருந்து கழன்று பெரிய பள்ளியின் கணக்கில் ஏறிவிடும். அந்தப் பிள்ளை அங்கே பாஸாகாவிட்டால் அடி அவர்களுக்குத்தான். ‘பத்தாவதில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்?’ என்று நான் கேட்டேன். பதில் சொன்ன ஆசிரியை ஒளிக்கவில்லை, “சிலர் போவார்கள், கல்லூரிப் பாடம் எல்லாருக்கும் ஒத்துவராது” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே பள்ளியை இன்னும் பிடித்துவிட்டது.

அட, முக்கியமானதைச் சொல்ல மறந்தேன்: கல்லூரிப் பாடங்களுக்கும் கட்டணம் கிடையாது. பார்க்கிங்குக்கு மட்டும்தான்.

பிள்ளைகள் யார் யார் என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். கிரீன்ஸ்பரோவில் கில்ஃபோர்டு கல்லூரி வளாகத்தில் இருப்பது 2002இல் வந்தது. மாநிலத்தில் முன்வரிசைப் பெயர், கடைசி இரண்டு வருடமும் முழுக்கக் கல்லூரி வகுப்புகள்தான். டர்ஹாமில் நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழக வளாகத்தில் ஜோசஃபின் டாப்ஸ் கிளெமென்ட் பள்ளி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்காக 1910இல் தொடங்கியது. பள்ளியிலும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளே பெரும்பாலும். அதுவும் நன்றாகத்தான் படிக்கிறது. எங்கள் குழுவில் முதல் பள்ளியின் பெயர் வாரம் ஒருமுறை வரும். இரண்டாவதன் பெயரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் சண்டை வரும், நான் கேட்கத்தான் போகிறேன்.

எனக்கு நம்பிக்கை வந்தது வேறு ஒரு எண்ணால். 2013இல் ஒரு ஆய்வு வந்தது. 10 ஏர்லி காலேஜ்களில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் ஆசைப்பட்டு விண்ணப்பித்த பிள்ளைகள்தான், அதிர்ஷ்டம் மட்டும்தான் வேறு. கிடைத்தவர்களில் 86 சதவீதம் ஹைஸ்கூல் முடித்தார்கள், மற்றவர்களில் 81. பெரிய வித்தியாசமில்லை, இல்லையா? கல்லூரிப் பட்டம் வாங்கியவர்களைப் பாருங்கள்: 22 சதவீதம், அந்தப் பக்கம் 2! ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வருடக் கட்டணம் மிச்சம் என்றால் சும்மாவா?

அதனால் விண்ணப்பம் போட்டாயிற்று. பாப்பா கட்டுரையை அவளே எழுதினாள், என்னைப் படிக்கக்கூட விடவில்லை. கால்பந்து அணி இல்லை என்று மட்டும் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

இருங்கள், போனில் ஏதோ வந்திருக்கிறது... அப்பீல் பதில்! ஹா! 40இல் 20 தள்ளுபடியாம். ஒரு மூட்டை அரிசி திரும்பக் கிடைத்தது மக்களே. நாளைக்கு இட்லி, மாவு பொங்கினால்.