அவுட்போர்டு எஞ்சினில் தண்ணீர் மெலிந்து வருகிறதா? இம்பெல்லரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: ஆழம் குறைந்த கரையில் ஃபைபர் படகு. பின்பலகையில் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மெதுவாக ஓடுகிறது. கேமரா பின்புறத் துளைக்கு நெருங்குகிறது.]

வணக்கம். இந்தத் துளையைப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு ஒரு முழம் தள்ளிப் போய் விழ வேண்டிய தண்ணீர், எஞ்சின் காலோடு ஒட்டி வழிகிறது. பாக் நீரிணையின் எந்தக் கரையில் இதைக் காட்டினாலும் உடனே வரும் தீர்ப்பு, "இம்பெல்லர் போச்சு." அதாவது, தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரம் கெட்டுவிட்டது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இம்பெல்லரைப் பார்க்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். உப்பில் இறுகிய போல்ட் ஒன்று முறிந்தால் அன்றைய தொழில் போய்விடும். அதற்கு முன் ஸ்பேனர் எடுக்காமலே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

[காட்சி: எஞ்சினின் பக்கவாட்டுப் படம். நீல அம்பு கீழிருந்து மேலே ஏறுகிறது.]

முதலில் தண்ணீர் போகும் வழி. படகைத் தள்ளும் விசிறிக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கிறது. அதற்குக் கீழே, கியர் பாக்ஸின் இரண்டு பக்கமும், சல்லடை போட்ட வாய். அங்கே நுழையும் கடல் நீரை ரப்பர் இம்பெல்லர் மேலே தள்ளுகிறது. குழாய் வழியாக ஏறும் நீர், சிலிண்டர் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றி, சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு சேர்ந்து கடலுக்கே திரும்புகிறது. நாம் வெளியே பார்ப்பது அதிலிருந்து பிரியும் ஒரு சின்னக் கிளை மட்டும்தான். டெல்டேல் என்பார்கள்.

அதனால் டெல்டேல் மெலிந்தால் எஞ்சினுக்கே தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது அந்தக் கிளை மட்டும் அடைத்திருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. இன்னொன்றும் உண்டு. பல மாடல்களில் இந்தக் கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடும். அங்கே டெல்டேல் அருமையாகப் பீறிட்டாலும் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

[காட்சி: வழியும் நீரில் ஒரு கை. அடுத்து, ஹெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.]

வழிகிற தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பதற்றமில்லை. ஆவி பறந்தால், அலாரம் அடித்தால், அல்லது ஹெட்டின் மேல் விட்ட சொட்டு சீறி ஆவியானால் எஞ்சினை அந்த நொடியே நிறுத்துங்கள். "கரை கிட்டத்தானே இருக்கு" என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தானாக ஆறட்டும், மேலே பச்சைத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம்.

சூடு இல்லையென்றால் துளையில் தடித்த தங்கூசி நரம்பை, அதாவது நைலான் தூண்டில் நரம்பை, விட்டுக் குத்துங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முழங்கை விரிசல் விட்டுவிடும். உப்புக்கட்டி, மணல், பொடிச்சிப்பி ஏதாவது வரும். கரையில் ஏற்றிக் கொஞ்ச நாள் சும்மா வைத்த எஞ்சின் என்றால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். இதைக் கவனிக்காமல் இம்பெல்லர் வாங்கக் கடைக்கு ஓடுவார்கள்.

அப்புறம் மேல் மூடியைத் திறங்கள். டெல்டேலுக்கு வரும் மெல்லிய ரப்பர் ஹோஸின் முனையை உருவிவிட்டு, கால் தண்ணீருக்குள் இருக்கும்போதே கொஞ்ச நேரம் மட்டும் எஞ்சினை ஓட விடுங்கள். கை, சட்டை, ஹோஸ் எதுவும் மேலே சுழலும் சக்கரமான ஃப்ளைவீல் பக்கம் போகக் கூடாது. ஹோஸில் தண்ணீர் வேகமாக வந்தால் அடைப்பு துளையில்தான், வேலை முடிந்தது. அங்கேயும் மெலிவாக வந்தால் கீழே இறங்குவோம்.

[காட்சி: எஞ்சினைச் சாய்த்து, சல்லடைக்கு நெருக்கமாகக் கேமரா.]

எஞ்சினை நிறுத்தி, சாய்த்து, இரண்டு பக்கச் சல்லடையையும் பாருங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, கடற்புல் நிறைந்தது. அறுந்த புல்லின் இலைகள் சல்லடையில் அடுக்கடுக்காகப் படிந்துவிடும். நைலான் வலைத்துண்டு, படகில் ஒட்டி வளரும் கொட்டலசு இவையும் சேரும். அடிப்பகுதிக்கு பெயின்ட் அடித்தவர் சல்லடைக்கும் சேர்த்து அடித்து, கீறல்களை மூடியதையும் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் பை விஷயம் கொஞ்சம் தந்திரமானது. கடலில் திடீரென்று தண்ணீர் நிற்கும், அலாரம் அடிக்கும். எஞ்சினை நிறுத்தியதும் உறிஞ்சல் போய்விடுவதால் பை விலகி மிதந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரி. கரைக்கு வந்து தேடினால் ஒன்றும் இருக்காது. இப்படி வந்து போகும் கோளாறுக்கு இம்பெல்லரைக் குறை சொல்ல வேண்டாம். தேய்ந்த இம்பெல்லர் தானாகச் சரியாகாது.

மெதுவாக ஓட்டும்போது சரியாக வந்து, வேகம் கூட்டினால் மட்டும் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா? எஞ்சின் உயரத்தைப் பாருங்கள். நான் சொன்ன அந்தத் தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். அதைவிட மேலே இருந்தால் சல்லடை நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும்.

[காட்சி: ஸ்டாண்டில் மாட்டிய எஞ்சின். கியர் பாக்ஸ் தனியாக இறங்குகிறது.]

இதெல்லாம் சரி, தண்ணீர் இன்னும் மெலிவு என்றால் இம்பெல்லர்தான். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, போல்ட்களை எடுத்தால் கியர் பாக்ஸ் நெட்டைத் தண்டோடு கீழே வரும்.

பம்பைத் திறக்கும் முன் ஒரு சோதனை. மேலே எஞ்சினில் தொங்கும் தண்ணீர்க் குழாயின் கீழ் வாயில் தோட்டத்து ஹோஸைப் பிடித்து நல்ல தண்ணீரை விடுங்கள். டெல்டேல் பீறிட்டால் மேல் வழி பெரும்பாலும் சுத்தம், குறை பம்பில். பீறிடாவிட்டால் அடைப்பு மேலே. புது இம்பெல்லர் போட்டாலும் பயன் இருக்காது.

[காட்சி: பழைய இம்பெல்லரும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில்.]

பழையதைப் பாருங்கள். இதழ்கள் ஒரே பக்கம் மடிந்து, வெளியே எடுத்த பிறகும் நிமிரவில்லை. அடியில் மயிரிழை வெடிப்பு. ஓர் இதழின் நுனி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, அது தண்ணீரில்லாமல் ஓடியதன் அடையாளம். ரப்பருக்குத் தண்ணீர்தான் வழுக்கல், கரையில் "சும்மா ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சில நொடி ஓட்டினாலே கருகத் தொடங்கும். அடுத்து, அடியில் இருக்கும் எவர்சில்வர் தகட்டை நகத்தால் தடவுங்கள். மணலில் படகு ஏற்றுகிற ஊர்களில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருக்கும். நகம் மாட்டினால் தகட்டையும் மேல் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். கீறல் விழுந்த தகட்டின் மேல் புது இம்பெல்லரை மட்டும் மாட்டுவது காசுக்குக் கேடு.

இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு எங்கேயோ உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் பம்பின் வாயிலோ தண்ணீர்க் குழாயிலோ. அதைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள்.

புதியதை மாட்டும்போது இம்பெல்லரைத் தண்டோடு பிடித்துவைக்கும் சின்னச் சாவி (ஆப்பு மாதிரி ஒரு உலோகத் துண்டு) நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்டு சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும். சோப்புத் தண்ணீர் தடவி, மேலிருந்து பார்க்கையில் தண்டை வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை அமுக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும்.

இப்போது எல்லோரும் வழுக்கும் இடம். கியர் பாக்ஸை மேலே தூக்கும்போது, தண்ணீர்க் குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடம் அது. குழாய் விலகி வெளியே நின்றால் பம்ப் காலுக்குள்ளேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும். "புது இம்பெல்லர் போட்டும் ஒரு சொட்டு வரல" என்ற புகாரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். வளையத்தில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். கியர் பாக்ஸ் கடைசி விரலளவு ஏறாமல் நின்றால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். தண்டின் பற்கள் மேலே பொருந்தவில்லை. ஃப்ளைவீலை வலஞ்சுழியாகத் துளி திருப்பினால் தானாக ஏறும்.

[காட்சி: அடுப்பில் பாத்திரம். நூலில் கட்டிய தெர்மோஸ்டாட் தண்ணீருக்குள் தொங்குகிறது.]

சரி, மேல் வழியில்தான் அடைப்பு என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சூடாகும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மாடலைப் பொறுத்துச் சுமார் 50 அல்லது 60 டிகிரியில் திறக்கத் தொடங்கும். கொதிக்கும்வரை மூடியே இருந்தால் புதிது வாங்குங்கள். அது இல்லாமலே ஓட்டுவது நம் கரைகளில் வழக்கம். கடலில் மாட்டிக்கொண்டால் கரை சேர அது சரி. தொடர்ந்து அப்படி ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பிளக் கரி பிடிக்கும், எரிபொருள் செலவும் கூடும்.

உள்ளே உப்பு கட்டியிருந்தால் வினிகர் கலந்த தண்ணீர் கரைக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்ற வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். டெல்டேலில் தண்ணீரோடு குமிழியும் ஆவியும் துப்பித் துப்பி வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

[காட்சி: நீல டிரம்மில் நிற்கும் எஞ்சின் கால்.]

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், எஞ்சின் வேலையும் அதற்குள் முடிந்துவிடும். ஃபைபர் படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால் உப்பைக் கழுவுவதை இடையிடையே செய்ய வேண்டும். டிரம்மில் நல்ல தண்ணீர், தகட்டுக்கு மேல் நாலு விரலாவது நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் தெர்மோஸ்டாட் திறந்திருக்காது, ஹெட்டுக்குள் கடல் நீரே தங்கிவிடும். பத்து நிமிடமாவது மெதுவாக ஓட விடுங்கள். விசிறியைக் கழற்றிவிடுவது நல்லது, கியர் போடக் கூடாது, பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.