ரத்தம் துப்பினால் டிபிதானா?

(காசநோய்க் களப்பணியாளர் கூட்டம் ஒன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே,

ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி, குணமாகிவிட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனவர் இரண்டு வருடம் கழித்து நம் வாசலில் நிற்கிறார். இருமல், உடல் மெலிவு, சளியில் ரத்தம். சளியில் கிருமி இல்லை என்று ஆய்வகம் சொல்கிறது. ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து, “திரும்ப வந்துவிட்டது” என்று பழைய மாத்திரையையே எழுதிக் கொடுக்கிறோம். நானும் அப்படி எழுதியவன்தான்.

காசநோய் ஆறிய இடத்தில் சிலருக்கு நுரையீரலில் பொந்து தங்கிவிடும். அங்கே குடியேறக் காத்திருப்பது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. 1729இல் அதை வரைந்து காட்டிய இத்தாலியப் பாதிரியார் மிக்கேலிக்குப் புனித நீர் தெளிக்கும் கருவி நினைவுக்கு வந்ததாம். அதன் பெயரையே வைத்துவிட்டார். பெயரில் இருக்கிற புனிதம் செயலில் இல்லை. மட்கிய இலையிலும் ஈர வைக்கோலிலும் எருக்குழியிலும் அது வளர்கிறது. அதன் வித்து 2, 3 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு. இந்தக் கூட்டம் முடிவதற்குள் நாம் எல்லோருமே சிலவற்றை உள்ளே இழுத்திருப்போம். நல்ல நுரையீரல் அவற்றை வெளியேற்றிவிடும். பொந்துக்குள் அந்தக் காவல் கிடையாது. பூஞ்சை இழை இழையாகப் பின்னிப் பந்தாகிறது. எக்ஸ்ரேயில் அதன் தலைமேல் பிறைபோலக் காற்று தெரியும். சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசியும். சில சமயம் ஒரே இருமலில் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ரத்தம் கொட்டும்.

இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 1960களின் இறுதியில் பிரிட்டனில், காசநோய் ஆறியும் பொந்து மிஞ்சிய 544 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 25 பேர் ரத்தத்தில், இந்தப் பூஞ்சையை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. சில ஆண்டுகளில் அது 34 ஆனது.

கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு சி.டி. ஸ்கேனும் பெரும்பாலும் போதும். மருந்து இட்ராகொனசோல். சண்டிகரில் நடந்த ஆய்வு ஒன்றில், ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் 38 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. ஒரு வருடம் சாப்பிட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்குத்தான். தனியாக ஒரே பந்து இருந்து, உடலும் தாங்குமானால் அறுவை சிகிச்சை செய்யலாம்.

இங்கேதான் நம் தவறு இரட்டிப்பாகிறது. காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், இட்ராகொனசோலைக் கல்லீரலிலேயே அழித்துவிடும். “எதற்கும் இருக்கட்டும்” என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பூஞ்சைக்கு மருந்தே போய்ச் சேராது.

அதற்காகச் சளிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் காசநோயும் உண்மையிலேயே திரும்பியிருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள். இட்ராகொனசோல் கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடுகிறாரா? வயிற்றெரிச்சலுக்கு என்று கடையில் வேறு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா? வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்தக் கேப்ஸ்யூல் சரியாக உடம்பில் சேராது. மருந்து பலிக்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.