கல்லை உதைத்த காலும் கருத்துமுதல்வாதமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வரன் பார்க்கும் இடத்தில் 'பையன் கொஞ்சம் இலட்சியவாதி' என்று யாராவது சொன்னால், பெண் வீட்டார் முகம் சற்றே வாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கிம்பளம் வாங்கமாட்டார், மேலதிகாரிக்கு வளைந்து கொடுக்கமாட்டார், நாலு காசு சேர்க்கமாட்டார் என்பதே அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள். மெய்யியல் ஆசிரியராக நான் கரும்பலகையில் எழுதிவந்த சொல் வேறு: கருத்துமுதல்வாதம், அதாவது மனமும் அதன் உணர்வுகளுமே அடிப்படை என்னும் கொள்கை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஐடியலிசம்' என்ற ஒரே சொல்தான். தமிழில் தனித்தனிச் சொற்கள் இருந்தும், கருத்துமுதல்வாதி என்றால் கனவுலகில் வாழ்பவர் என்றே மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதிவந்ததால்தான் இதைப் பேச விரும்பினேன்.

உங்கள் கையில் ஒரு காப்பி டம்ளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரலில் படும் சூடு, கண்ணில் படும் பளபளப்பு, மூக்கில் ஏறும் மணம், கையில் உணரும் கனம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால், டம்ளர் என்று எஞ்சுவது என்ன? 1710-இல், தமது 25-ஆம் வயதில், அயர்லாந்தின் மெய்யியலாளர் ஜார்ஜ் பார்க்லி எழுப்பிய கேள்வி ஏறத்தாழ இதுதான். உணரப்படுவதே பொருள்களின் இருப்பு என்பது அவருடைய முடிவு. யாரும் பாராத அறையில் டம்ளர் என்னவாகும் என்று கேட்டால், இறைவனின் மனம் அதை எப்போதும் உணர்ந்துகொண்டிருக்கிறது என்பார்.

1763-இல் ஹார்விச் என்னும் இங்கிலாந்துத் துறைமுக ஊரில், தேவாலயத்திலிருந்து வெளியே வந்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனிடம் அவருடைய நண்பர் பாஸ்வெல், பார்க்லியின் கொள்கை பொய் என்று நமக்குத் தெரிந்தாலும் அதை மறுக்க வழியில்லையே என்றார். ஜான்சன் அருகிலிருந்த பெரிய கல்லைத் தம் கால் பின்னுக்குத் தள்ளப்படும் அளவுக்கு ஓங்கி உதைத்து, 'இப்படி மறுக்கிறேன்' என்றார். வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் ஜான்சன் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். நான் அவர்களிடம் கேட்பேன்: அந்தக் காலுக்குக் கிடைத்தது என்ன? கடினம், தடை, வலி. மூன்றுமே உணர்வுகள்தாமே? கல் இல்லை என்று பார்க்லி ஒருபோதும் சொல்லவில்லை. மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் தவறு பிறக்கும் இடம் இதுவே: அவர் மறுத்தது கல்லை அன்று; எந்த மனமும் உணராமல், உணர்வுகளுக்கு அப்பால் தானாக நிற்பதாகச் சொல்லப்படும் சடப்பொருளை மட்டுமே.

இதே பார்க்லி, வரன் பார்ப்பவர்கள் சொல்லும் பொருளிலும் இலட்சியவாதிதான். பெர்முடா தீவில் கல்லூரி நிறுவும் கனவோடு கப்பலேறி, 1729-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறங்கி, நாடாளுமன்றம் வாக்களித்த 20,000 பவுண்டுக்காகக் காத்திருந்தார். பணம் வரவேயில்லை, 1731-இல் திரும்பினார். ஆனால், அங்கே அவர் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்ததையும் நான் மறைக்கக்கூடாது. அதன்பொருட்டே டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2023-இல் தன் நூலகத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அவருடைய கல்லூரிக் கனவு அவருடைய மெய்யியலிலிருந்து பிறந்ததா? இல்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ம. சிங்காரவேலர் உறுதியான பொருள்முதல்வாதி. மனத்துக்கு முன்னே பொருள் என்று நம்பியவர். அவர்தாம் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1923-இல் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னையில் கொண்டாடினார். கொள்கைக்காக வருவாயை விட்டவரை இலட்சியவாதி என்னாமல் வேறெப்படிச் சொல்வது? உலகம் எதனால் ஆனது என்பது ஒரு கேள்வி. எதற்காக வாழ்வது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குச் சொல்லும் விடை பின்னதற்கான விடையைத் தீர்மானிப்பதில்லை.

ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் வசுபந்துவோடு நிறுத்திக்கொள்கிறேன். பார்க்லிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வாழ்ந்த இந்தப் பௌத்த அறிஞரிடம், பொருள் வெளியே இல்லையென்றால் அது ஏன் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தோன்றுகிறது என்று கேட்கிறார்கள். கனவிலும் அப்படித்தானே தோன்றுகிறது என்கிறார் அவர். நன்றி, வணக்கம்.