கடலுக்கு அடுத்த சொல் என்ன?

வணக்கம் நேயர்களே. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த இந்த விளையாட்டைத் தமிழில் அப்படியே ஆடினால் சீக்கிரமே நின்றுவிடும். 'கடல்' என்றதும் பிள்ளை 'ல்'லில் திணறும். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ல, லா, லி என்று தேடினாலும் வந்தேறிய சொற்கள்தான் கிடைக்கும். 18 மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற 8 வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. சொல் முடியும் இடத்திலோ அவைதான் கூட்டமாக நிற்கின்றன. பிள்ளைக்குச் சொல் தெரியவில்லை என்று நினைக்கிறோம். கோளாறு விதியில் இருக்கிறது.

விதியைச் சற்றே மாற்றுங்கள். கடைசி எழுத்து முதலில் வராதென்றால் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னே வரலாம். கடலில் 'ல்' ஆகாது, 'ட' ஆகாது, 'க' ஆகும்: 'கதவு'. அடுத்து, ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு வகர வரிசை முழுவதையும் கொடுங்கள், 'வண்டி' என்று சொல்லட்டும். பெரிய பிள்ளைக்கு 'வு' என்ற அதே எழுத்து மட்டும்தான். 'வு'வில் சொல் இல்லை, ஆகவே 'த'வுக்கு வந்து 'தவளை' என்று சொல்ல வேண்டும். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்ற இலக்கணம் இப்படி ஆடும்போதே பிடிபடும்.

இன்னொரு சிக்கல் 'ம்'. மரம், படம், பழம் என்று பல சொற்கள் 'ம்'மிலேயே முடியும். இரண்டு சுற்றுக்குப் பிறகு 'ம்'மில் முடியும் சொல்லுக்குத் தடை போடுங்கள்.

பிள்ளை 'பாலு' என்றால் தப்பு என்று வெட்டாதீர்கள். பேச்சில் அது சரிதானே! “ஆமா, பாலு. எழுதும்போது பால்” என்று சொல்லி ஆட்டத்தைத் தொடருங்கள்.

எழுதப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அட்டைகள். ப, க, ட, ம, ர, கு, ல், ம் என்று எட்டு போதும். கால், கொம்பு, சுழி இவற்றைத் தனித்தனியாக வெட்ட வேண்டாம். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்பதால் சின்னவர்கள் குழம்புவார்கள். முழு எழுத்தாகவே எழுதுங்கள். இந்த எட்டில் கடல், பகல், படகு, மரம், படம், குடம், குரல், மகுடம் எல்லாம் வரும். இன்னும் உண்டு, பிள்ளைகளே தேடட்டும். சொல் தீர்ந்ததும் 'ல்'லை எடுத்துவிட்டு 'ன்' வையுங்கள். கடலும் குரலும் போய், மகனும் கடனும் வந்துவிடும்.