செர்ரி தின்கிற பெண்ணின் பெயர்

விழாத் தலைவர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கிற பேரூராட்சித் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த அரிசி மண்டி முதலாளி ஐயா அவர்களே, காலையிலிருந்து ஓடியாடி நாற்காலி போட்ட செயலாளர் தம்பி அவர்களே, ஓவியம் பயிலும் பிள்ளைகளே! எல்லாருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் விட்டுப்போவதைப் பற்றித்தான் இன்றைக்கு என் பேச்சே.

திரையில் தெரிகிறதே, இது பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மானே 1862 வாக்கில் வரைந்த 'தெருப் பாடகி'. அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆள் உயரத் தைல ஓவியம், 171 சென்டிமீட்டர். இதில் மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று அந்தக் கிடார், இரண்டு அந்தச் சாம்பல் நிறம், மூன்று அந்தப் பெண்.

படம் பிறந்த கதையை மானேயின் நண்பர் அந்தோனின் புரூஸ்த் எழுதிவைத்திருக்கிறார். பாரிஸில் பழைய வீடுகளை இடித்து அகலச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புத் தூசி. இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். ஒரு மட்டமான சாராயக் கடையிலிருந்து பெண்ணொருத்தி வெளியே வருகிறாள். ஒரு கை பாவாடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையில் கிடார். மானே நேராக அவளிடம் போய், "என் வீட்டுக்கு வந்து படத்துக்கு நிற்கிறாயா?" என்று கேட்டுவிட்டார். முன்பின் தெரியாத ஆள்! நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் இப்படிக் கேட்டுப் பாருங்கள், என்ன நடக்கும்? (சிரிப்பு.) அவள் செருப்பைக் கழற்றவில்லை, சிரித்துவிட்டாள். மானேயும் விடவில்லை. "இவளை மறுபடி பிடிப்பேன். வரமாட்டாள் என்றால் இருக்கவே இருக்கிறாள் விக்தொரீன்" என்றாராம்.

இருக்கவே இருக்கிறாள்! கடைசியில் படத்துக்கு நின்றது இந்தப் பதினெட்டு வயது விக்தொரீன் மெரான்தான். கிடார் வாசிக்கத் தெரிந்த பெண். படத்தில் பாருங்கள், கிடாரை அக்குளில் இடுக்கியிருக்கிறாள். மஞ்சள் காகிதத்தில் செர்ரிப் பழம். ஒன்றை வாயருகே கொண்டுபோன கை பாதி முகத்தை மறைக்கிறது. பாடகியின் வாயே தெரியவில்லை. 1863-இல் படத்தைக் காட்சிக்கு வைத்தபோது பால் மான்ஸ் என்ற விமர்சகர், புருவம் படுக்கையாக இல்லாமல் மூக்கோரம் இரண்டு காற்புள்ளி மாதிரி நிற்கிறதே என்று எழுதினார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தீட்டியவர் மானே, கேலி இவள் புருவத்துக்கு.

கிடாரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

விக்தொரீன் தானும் ஓவியம் கற்றார். 1876-இல் பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சி அவருடைய சுய உருவப்படத்தை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மானே அனுப்பியவை திரும்பி வந்தன! 1883-இல் மானே இறந்த பிறகு, படம் விற்றால் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தாரே என்று அவர் மனைவிக்கு விக்தொரீன் கடிதம் எழுதினார். பணம் வந்ததற்குத் தடயமில்லை. பின்னால் வந்தவர்கள், குடித்துக் கெட்டு இளம் வயதிலேயே செத்தாள் என்று எழுதினார்கள். அவரோ 1927 வரை, 83 வயது வாழ்ந்தவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி! அந்தச் சுய உருவப்படத்தை 2021-இல் பாஸ்டன் அருங்காட்சியகமே வாங்கியது. 'தெருப் பாடகி' இருக்கிற அதே இடம்.

சரி, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கிடாரையும் சாம்பல் நிறத்தையும் விட்டுவிடுகிறேன். பத்து வருஷமாக ஒரே கோரிக்கையைத்தான் மேடைதோறும் கேட்டு வருகிறேன்: உட்கார்ந்தவர் பெயரையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள், அவருக்கு அன்றைய கூலியை அன்றைக்கே கொடுங்கள். நான் படித்த இடத்தில் ஒரு பெரியவர் நாளெல்லாம் அசையாமல் உட்காருவார், எங்களுக்கு மதிப்பெண் விழும். மாதக் கடைசியில் தன் பணத்துக்கு அவர் அலுவலக வாசலில் நிற்பார். அவர் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

பின் அறைக் கண்காட்சியில் 'பூக்காரி' என்று ஒரு படம் பரிசு வாங்கியிருக்கிறது. வரைந்த பிள்ளைக்குப் பாராட்டு. அந்த அம்மா வெளியே வேப்பமரத்தடியில்தான் கடை போட்டிருக்கிறார். வரும்போது பெயர் கேட்டேன், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். இந்தச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். செயலாளர் தம்பி, பசை இருக்கிறதா?