ஒரே ஒரு சொட்டு

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூட லேபில் சில்வர் நைட்ரேட்டை, அதாவது வெள்ளி உப்பைக் கையில் சிந்திக்கொண்டவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் விரல் கறுத்துவிடும். சோப்புக்கெல்லாம் மசியாது, தோல் உரிந்தால்தான் போகும். அந்தக் கறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் சில்வர் நைட்ரேட்டுக்கு வைத்த லத்தீன் பெயருக்கு ‘நரகக் கல்’ என்று பொருள். உருக்கிக் குச்சியாக வார்த்து, மருவையும் ஆறாத புண்ணில் வளர்ந்த சதையையும் சுட்டார்கள். இதைப் போய்ப் பிறந்த குழந்தையின் கண்ணில் விடுவதா?

விடவேண்டி வந்தது. தாய்க்கு மேகவெட்டை, அதாவது உடலுறவால் பரவும் கொனோரியா இருந்தால் பிரசவத்தின்போதே கிருமி குழந்தையின் கண்ணில் ஏறிவிடும். இரண்டு மூன்று நாளில் இமை வீங்கும். பிரித்தால் சீழ் வழியும். கருவிழி புண்ணாகிப் பார்வையே போகும். ஜெர்மனியில் லைப்சிக் மகப்பேறு மருத்துவமனையில் 1870களில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் கண்நோய் வந்தது.

அங்கே தலைமை வகித்தவர் கார்ல் கிரேடே. முதலில் தாய்மாருக்குச் சிகிச்சை செய்து பார்த்தார். அப்புறம் நோயுள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு மட்டும் கண்ணில் மருந்து விட்டார். ஆனாலும் நோய் நிற்கவில்லை. ‘இந்தத் தாய்க்கு ஒன்றுமில்லை’ என்று விட்டுவிட்ட பிள்ளைகளுக்கு வந்தது. சரி என்று 1880 ஜூன் முதல் ஒரு குழந்தையையும் விடவில்லை. குளிப்பாட்டி, கண்ணைத் துடைத்து, இமையைப் பிரித்து, கண்ணாடிக் குச்சியின் நுனியில் தொங்கும் 2 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரே சொட்டு. பத்தில் ஒன்றாக இருந்தது, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்றானது.

மருந்தைவிட அந்த ‘எல்லோருக்கும்’தான் பெரிய விஷயம் என்பேன். பெற்றுப் போட்டுக் கிடக்கிறவளிடம் ‘உனக்கு அந்த நோய் உண்டா’ என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்.

இனி அந்தக் கறை. வலிப்பு நோய்க்கு இதே மருந்தை மாதக்கணக்கில் விழுங்கக் கொடுத்தார்கள். வெள்ளி தோலுக்குள் படிந்து, வெயில் பட்டு, முகமே நீலம் பாய்ந்து போனது. உள்ளே படிந்த கறை, உரிந்து போகாது. ஆயுளுக்கும் நீலம்தான்.

கண்சொட்டுக்கும் குறை உண்டு. மருந்தாலேயே கண் சிவந்து ஓரிரு நாள் நீர் வடியும். எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு வந்ததும் பல நாடுகளில் இது ஒதுங்கியது. புண்ணைச் சுடும் அந்த சில்வர் நைட்ரேட் குச்சி மட்டும் இன்னும் இருக்கிறது. ஓயாமல் ரத்தம் வடிகிற மூக்கில் டாக்டர் அதைத்தான் தொட்டு வைப்பார்.